அந்த ஒரு குழாயைப் போட்டிருக்கலாம்

அருப்புக்கோட்டையில் மே மாதத்து மதியம் பன்னிரண்டு மணி என்றால் தெருநாய் கூட நிழலை விட்டு நகராது. கத்திரி வெயில். கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த நேரத்தில் ஏதாவது ஒரு தெருவில், ஏதாவது ஒரு மொட்டை மாடியில், தோளில் வயர்ச் சுருளோடு ஒரு பையன் நடந்துகொண்டிருப்பான். செருப்பு இல்லாமல் கால் வைத்தால் கொப்புளம்தான். கைப்பிடிச் சுவரைத் தொட்டால் சூடு போட்டது போல இருக்கும். கீழே நின்றபடி வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்து, "தம்பி, அப்படியே சன்னல் வழியா உள்ள விட்டுருப்பா, அது போதும்" என்பார். தம்பியும் விட்டுவிடுவான். அரை மணி நேரத்தில் இன்டர்நெட் வந்துவிடும். அடுத்த கோடைக்குள் போயும் விடும்!

போனதும் என்ன நடக்கும்? கம்பெனியைத் திட்டுவார்கள். அனுப்பிய பையனைத் திட்டுவார்கள். வெயிலைத் திட்டுவார்கள். உண்மையில் தவறு வேறு இடத்தில், வேறு நாளில் நடந்தது. வீடு கட்டும்போது, மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் குழாய் பதித்த அன்று, கூட ஒரு காலிக் குழாயைப் பதிக்காமல் விட்டதுதான் அது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது.

வீட்டுக்குள் நெட்வொர்க் கேபிள் இழுப்பது எப்படி என்று இணையத்தில் தேடினால் வரும் வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்க வீடுகளைப் பற்றியவை. அங்கே சரிவான கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இடம் இருக்கும். கோடையில் அந்த இடம் அடுப்பு மாதிரி கொதிக்கும் என்று அவர்களும் புலம்புகிறார்கள். ஆனால் வயர் கூரைக்கு அடியில் நிழலில் இருக்கிறது. சுவருக்குள் இறங்குகிறது. அருப்புக்கோட்டையில் அப்படி ஓர் இடமே கிடையாது. சமதளமான காங்கிரீட் தளம், அதன் மேல் தட்டோடு, அதற்கு மேல் நேராகச் சூரியன்! திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் ஓட்டு வீடுகள் இருக்கின்றன. அங்கே பனங்கைகளுக்கும் ஓட்டுக்கும் கீழே பரண் இருக்கும். தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட்ட வீடுகளில் அதுவும் இல்லை. ஆக, அமெரிக்க வீட்டுக்கு எழுதிய பாடத்தை அப்படியே இங்கே செய்ய முடியாது. மிச்சமிருக்கும் ஒரே வழி மொட்டை மாடி என்று எல்லோரும் முடிவு செய்துவிடுகிறார்கள்.

"வயரே எதற்கு? வை-ஃபை இருக்கிறதே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வை-ஃபை என்பது வானொலி அலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை கொஞ்சம் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் அதிகம், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். இந்த வட்டாரத்து வீடுகளில் வெளிச்சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். மேல்தளம் இரும்புக் கம்பி கட்டிய காங்கிரீட். போதாக்குறைக்கு நடுவில் ஓர் இரும்பு பீரோ. முன்னறையில் இருக்கும் ரூட்டரின் அலை இவற்றையெல்லாம் தாண்டிப் பின்கட்டுக்கோ மாடி அறைக்கோ போய்ச் சேரும்போது மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். படிக்கிற பிள்ளைக்கு அமைதியாக இடம் கிடைப்பது அந்தப் பின்னறையில்தான். முன்னறையில் டி.வி. ஓடும், விருந்தாளி வருவார், பல வீடுகளில் தறியே ஓடும்.

இது வெறும் வசதி பற்றிய பேச்சு அல்ல. 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது கல்லூரிப் பாடங்கள் செல்போனுக்குள் போய்விட்டன. தேர்வுகளும் அப்படியே போயின. மாணவர்கள் மாடியிலும் மரத்தடியிலும் சிக்னல் தேடி உட்கார்ந்த காட்சியைத் தமிழ்நாடு முழுக்கப் பார்த்தாயிற்று. அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலைக்கான நேர்காணல், அரசுத் தேர்வுக்கான விண்ணப்பம், வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை எல்லாம் இன்றும் அந்த ஒரு இணைப்பை நம்பித்தான் இருக்கின்றன. நேர்காணலில் பதில் சொல்லும்போது திரையில் முகம் உறைந்து நின்றால், எதிரில் இருப்பவருக்கு அது சுவரின் குற்றம் என்று தெரியாது.

இன்னொரு பக்கம், ஊருக்கு வெளியே இருந்து ஊருக்குள் இணையத்தைக் கொண்டுவரக் கோடி கோடியாகச் செலவாகிறது. 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தபோது அது தொலைபேசிக் கம்பியில் ஊர்ந்து வந்தது. இன்று கண்ணாடி இழை. ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. பிறகு அதன் பெயர் பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் வேலைக்காக 2018இல் டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதே 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம் பெற்றவை இரண்டே மாவட்டங்கள். ஒன்று இராமநாதபுரம், மற்றொன்று விருதுநகர். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இருக்கும் அதே விருதுநகர்! அரசாங்கம் எத்தனை மைல் இழை போட்டாலும் வீட்டு வாசல் வரைதான் அதன் பொறுப்பு. வாசலிலிருந்து பின்னறை வரை உள்ள அந்த இருபது மீட்டர் வீட்டுக்காரர் கையில். அந்த இருபது மீட்டரில்தான் எல்லாம் கெடுகிறது.

சரி, வெயில் அந்த வயரை என்னதான் செய்கிறது?

கேட்-5இ, கேட்-6 என்று கடையில் கேட்டு வாங்கும் கேபிளுக்குள் எட்டுச் செம்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடிகளாக இருக்கும். நூல் எதற்கு முறுக்கேற்றப்படுகிறது என்று நெசவு தெரிந்த ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நூலுக்கு முறுக்கு பலத்துக்காக. கம்பிக்கு முறுக்கு இரைச்சலைக் கழிப்பதற்காக. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவு விழும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் அந்த இரைச்சல் கழிந்துவிடும். ஒரு ஜோடி பக்கத்து ஜோடியைத் தொந்தரவு செய்யாமல் இருக்க நான்கு ஜோடிக்கும் நான்கு விதமான முறுக்கு. விசைத்தறி மோட்டார் ஓடுகிற வீட்டில் இதன் அருமை தெரியும்.

செம்பு சூடானால் மின்தடை கூடும். கேபிளுக்குள் போகும் சமிக்ஞை சீக்கிரம் தேய்ந்துவிடும். இதற்குக் கணக்கே இருக்கிறது. 20 டிகிரிக்கு மேல் 40 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரிக்கும் இழப்பு 0.4 சதவீதம் கூடும். 40க்கு மேல் 60 வரை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 சதவீதம். கூட்டிப் பார்த்தால் 60 டிகிரியில் இழப்பு 20 சதவீதம் அதிகம். 90 மீட்டர் ஓட வேண்டிய கேபிளை 75 மீட்டரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பயமாக இருக்கிறதா? பயப்பட வேண்டாம். வீட்டுக்குள் யாரும் 75 மீட்டர் இழுக்கப் போவதில்லை. இருபது மீட்டர் கேபிளுக்கு இந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை.

அப்படியானால் கேபிள் ஏன் சாகிறது? காரணம் சூடு மட்டும் அல்ல, வெளிச்சமும் சேர்ந்துதான். வீட்டுக்குள் போடுவதற்கென்று செய்த சாம்பல் நிற, நீல நிற பி.வி.சி. உறை சூரியனின் புற ஊதாக் கதிரைத் தாங்காது. உறையை மெத்தென்று வைத்திருக்கும் வேதிப்பொருள் சூட்டில் மெல்ல மெல்ல வெளியேறும். உறை விறைக்கும், வெளுக்கும், பிறகு வெடிக்கும். சித்திரை வெயிலில் வெடித்த உறைக்குள் ஐப்பசி மழை இறங்கும். செம்பு பச்சை பூக்கும். அதனால்தான் வெளியில் போடுவதற்கென்றே கரித்தூள் கலந்த கறுப்பு பாலிஎத்திலீன் உறை கொண்ட கேபிள் தனியாக விற்கிறது. விலை கொஞ்சம் கூட. "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சொல்லி வீட்டுக்குள் போடுவதையே மாடியில் போட்டுவிட்டால் கதை முடிந்தது.

இன்னொரு ஏமாற்று இருக்கிறது. செம்பு என்று சொல்லி, அலுமினியக் கம்பி மீது செம்பு முலாம் பூசிய கேபிளைத் தலையில் கட்டிவிடுவது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கையில் தூக்கினால் லேசாக இருக்கும். கத்தியால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அலுமினியத்தின் மின்தடை செம்பை விட ஒன்றரை மடங்குக்கும் மேல். இரண்டு மூன்று முறை மடக்கினால் ஒடிந்துவிடும். கேபிள் வழியாகவே மின்சாரமும் வாங்கும் கண்காணிப்பு கேமரா போன்றவற்றை இதில் மாட்டினால் கம்பி சூடாகும். ஏற்கெனவே கொதிக்கும் இடத்தில் இது வேறா!

அணிலையும் மறக்கக் கூடாது. 2021இல் மின்தடைக்கு அணிலும் ஒரு காரணம் என்று சொல்லப்பட்டபோது தமிழ்நாடே சிரித்தது. ஆனால் பரணிலும் மாடியிலும் வயர் இழுத்தவர்கள் யாரும் அவ்வளவு சத்தமாகச் சிரித்திருக்க மாட்டார்கள். எலியும் அணிலும் கேபிளைக் கடிக்கும். அது அவற்றின் பல்லின் தேவை.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது இடி. கோடை மழையோடு இடி இறங்கும் ஊர் இது. ஒரு வீட்டு மாடியிலிருந்து அடுத்த வீட்டு மாடிக்குச் செம்புக் கேபிளைத் தொங்கவிட்டால், பக்கத்தில் எங்கோ விழுந்த இடி கூட அதில் மின் அழுத்தத்தைத் தூண்டி ரூட்டர், கணினி, டி.வி. என்று வரிசையாகக் காவு வாங்கும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் வீட்டுக்கு வெளியே இழை, வீட்டுக்கு உள்ளே செம்பு என்று பிரித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இழையோடு தாங்குவதற்காக இரும்புக் கம்பி சேர்ந்து வந்தால் அதை வெளிச்சுவரோடு நிறுத்திவிட வேண்டும்.

இதுவரை வயரின் கதை. வயரை இழுக்கும் ஆளின் கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வெடித்த கேபிளை மாற்றலாம். வெயிலில் சுருண்டு விழுந்த பையனை என்ன செய்வது? உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்ப மயக்கம் என்று மோர் கொடுத்து உட்கார வைக்கும் விஷயம் அல்ல. அது வெப்பத் தாக்கு, உயிருக்கே ஆபத்து. உடனே நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பைத் தண்ணீரால் நனைத்து விசிற வேண்டும், 108க்குப் போன் செய்ய வேண்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் அறிவித்தது. அரசாங்கமே பேரிடர் என்று சொல்லும் வெயிலில், "இன்னிக்கே முடிச்சுக் கொடுத்துருப்பா" என்று ஒருவரை மாடிக்கு அனுப்புவது என்ன நியாயம்? காலை ஒன்பதுக்குள் முடியும், இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல் முடியும். ஒரு நாள் இணையம் தாமதமானால் குடி முழுகிவிடாது.

இப்போது தீர்வு. அது மிகச் சாதாரணமானது.

இந்த வட்டாரத்து வீடுகளின் வரலாற்றைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். வீடு எப்போதும் முதலில் வந்தது, வயர் பிறகு வந்தது. மின்சாரம் வந்தபோது சுவரில் மரச்சட்டம் அடித்து அதன் மேல் வயர் ஓட்டினார்கள். தொலைபேசி வந்தபோது வாசற்கால் ஓரமாக ஆணி. கேபிள் டி.வி. வந்தபோது சன்னல் வழியாக. அன்றிலிருந்து அந்தச் சன்னல் கதவு முழுதாக மூடியதே இல்லை. கொசுவும் புழுதியும் அதன் வழியாகத்தான் வருகின்றன. மின்சாரம் மட்டும் ஒரு தலைமுறைக்குப் பிறகு சுவருக்குள் போனது. இன்று குழாய் பதிக்காமல் யாராவது வீடு கட்டுகிறார்களா? இல்லையே! நெட்வொர்க் கேபிளுக்கும் அந்த மரியாதையைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

தளம் போடும் நாளுக்கு முன் சென்ட்ரிங் பலகை மேல் கம்பி கட்டியதும் எலக்ட்ரீசியன் வந்து பி.வி.சி. பைப் பதிப்பார். அவரிடம் மின்சாரத்துக்குப் போடும் பைப்போடு சேர்க்காமல், 25 மில்லிமீட்டர் பைப் ஒன்றைத் தனியாக, முன்னறையிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் போடச் சொல்ல வேண்டும். அதில் மூன்று நான்கு கேபிள் தாராளமாகப் போகும். திருப்பங்களில் குறுகலான எல்போ வேண்டாம், அகலமான பெண்டு வேண்டும். கேபிளை அதன் பருமனைப் போல நான்கு மடங்குக்கும் குறைவான வளைவில் மடக்கக் கூடாது என்பது விதி. உள்ளே ஒரு நைலான் கயிறு விட்டு வைத்தால் பின்னால் எத்தனை முறை வேண்டுமானாலும் கேபிளை மாற்றலாம். காங்கிரீட் பால் உள்ளே இறங்காமல் பைப் வாயைக் கட்டாயம் அடைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுப் பிறகு தலையில் கை வைத்தவர்கள் நிறையப் பேர். 230 வோல்ட் ஓடும் பைப்புக்குள்ளேயே நெட்வொர்க் கேபிளையும் திணிக்கக் கூடாது. அது இரைச்சலுக்காக மட்டும் இல்லை, உயிருக்காக.

வயரை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்பதும் முக்கியம். ரூட்டரைப் பரணில் ஒளித்து வைப்பது பல வீடுகளில் வழக்கம். வீட்டுக்கென்று செய்யும் ரூட்டர்கள் பெரும்பாலும் 40 டிகிரி வரைதான் தாங்கும் என்று அதன் பெட்டியிலேயே போட்டிருக்கும். பகல் முழுக்கச் சூடேறிய தளம் இரவு வரை அந்தச் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். தளத்துக்கு அடியில் ஒட்டினாற்போல இருக்கும் பரணில் கோடையில் 40 டிகிரி பெரிய விஷயமே இல்லை. பாத்திரத்தையும் பழைய புத்தகத்தையும் பரணில் வைக்கலாம். ரூட்டரை வைக்க வேண்டாம்.

ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு? வழி இருக்கிறது. மாடியில் படுக்கப் போடாமல், வெளிச்சுவரில் வெயில் குறைவாக விழும் வடக்குப் பக்கமாக, சன்னல் மேல் இருக்கும் சன்ஷேடுக்கு அடியில், பைப்புக்குள் விட்டுக் கொண்டுபோகலாம். சன்னலில் விடாமல் சுவரில் துளை போடலாம். துளை உள்ளிருந்து வெளியே சற்றுச் சரிவாக இருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே வராது. ஓட்டு வீடு என்றால் பனங்கையை ஒட்டி, ஓட்டில் உரசாமல், எலி ஏறாத பைப்புக்குள் கொண்டுபோகலாம். கொஞ்சம் கூடுதல் நேரம், கொஞ்சம் கூடுதல் பைப். வேறொன்றும் இல்லை.

"இன்னும் பத்து வருஷத்தில் வயரே இருக்காது, எதற்கு இந்த வேலை?" என்று சிலர் கேட்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சு புதிதல்ல. வை-ஃபை வந்த நாளிலிருந்தே வயருக்குச் சங்கு ஊதிக்கொண்டிருக்கிறார்கள். முறுக்கிய கம்பியில் ஈதர்நெட் ஓடும் முறை 1990இல் வந்தது. அதே வகைக் கம்பியில் ஒரு கிகாபிட் வேகம் 1999இல் வந்தது. இன்றும் அதே பிளக்தான், அதே எட்டுக் கம்பிதான். ஒருவேளை செம்பே ஒழிந்தாலும் அதன் இடத்தில் கண்ணாடி இழை வரும். அதுவும் அதே குழாயில்தான் போகும். காலிக் குழாய்க்கு எந்தத் தொழில்நுட்பமும் பழசாகாது. அதனால்தான் வயரைப் பற்றிக் கவலைப்படுவதை விடக் குழாயைப் பற்றிக் கவலைப்படுவது மேல்.

ஒரு வீடு ஐம்பது அறுபது வருடம் நிற்கும். கடன் வாங்கித்தான் கட்டுகிறார்கள். வாசல் பக்கத்து டைல்ஸுக்கும் முகப்பு எலிவேஷனுக்கும் ஆகும் செலவில் ஒரு ஓரத்தைக் கிள்ளினால் இந்தக் குழாய்கள் வந்துவிடும். முகப்பைத் தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள். குழாயை யாரும் பார்க்க மாட்டார்கள். பின்னறையில் உட்கார்ந்து படிக்கும் மகளுக்குப் பாடம் நடுவில் நிற்காது, மாடியில் ஒரு பையன் உச்சி வெயிலில் வயர் தேடி அலைய வேண்டியிருக்காது.

தளம் போடும் அன்று வேலையாட்களுக்குக் கறிச்சோறு போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். அந்தச் சோற்றுக்கு இலை போடுவதற்கு முன்னால், எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தை கேளுங்கள்: "அண்ணே, நெட்டுக்குத் தனியா பைப் போட்டாச்சா?"